ஒரு புள்ளி அதிகம்

ஹாக்கி என்றால் நம்மவர்களுக்குத் தெரிந்தது தரையில் ஆடும் ஆட்டம். வெள்ளைப் பந்து, நுனி வளைந்த மட்டை, தியான் சந்தின் பெயர் ஆகிய இந்த மூன்றும் சேர்ந்து ஞாபகத்துக்கு வரும். கனடா தேசத்தில் ஹாக்கி என்று சொன்னால் இவற்றில் ஒன்றும் வராது. அங்கே தளம் பனிக்கட்டி. காலில் கத்திபோல இரும்பு பொருத்திய பூட்ஸ். பந்துக்குப் பதிலாகக் கட்டை விரல் கனத்தில் வட்டமான ஒரு ரப்பர் வில்லை. பக்கத்துக்கு ஆறு பேர் அந்த வில்லையைத் துரத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் மரச்சுவரில் மோதித் தள்ளிக்கொண்டு பறக்கிறார்கள்.

இதை நான் வீட்டில் விவரித்தபோது அத்தை கேட்டாள்: "ஐஸ் மேலேயா? விழுந்து மண்டையை உடைச்சுக்க மாட்டாங்களா?"

"உடைச்சுக்குவாங்க, அத்தை. அதையும் பார்க்கத்தானே டிக்கெட் வாங்கறாங்க?" என்றேன்.

வேடிக்கையாகச் சொன்னது. ஆனால் முழுக்க வேடிக்கை இல்லை.

பனிக்கட்டியைச் சோடா கிளாஸிலே தவிர வேறெங்கும் அதிகமாகப் பார்த்தறியாத எனக்கு இந்த விவகாரத்தில் சிரத்தை உண்டானது ஒரு சிறுகதையினால்தான். ரோக் காரியே என்ற பிரெஞ்சு கனேடிய எழுத்தாளர் 1979-ல் பிரசுரித்த கதை அது. ஒரு கிராமத்துப் பையன்கள் அத்தனை பேரும் மான்ட்ரியால் நகரத்துக் கோஷ்டியின் சிவப்புச் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். எல்லார் முதுகிலும் 9 என்ற ஒரே எண். ஒரு பையனின் சட்டை கிழிந்து போகிறது. தாயார் தபாலில் எழுதிப் புதுச் சட்டை வரவழைக்கிறாள். வந்து சேர்வதோ எதிரிக் கோஷ்டியான டொரான்டோவின் நீலச் சட்டை! திருப்பி அனுப்பினால் ஆங்கிலேயக் கடைக்காரர் மனம் கோணும் என்று அந்த அம்மாள் பயப்படுகிறாள். பையன் நீலச் சட்டையோடு விளையாடப் போகிறான். கனடா சர்க்கார் இந்தக் கதையின் சில வரிகளைப் பின்னால் தனது ஐந்து டாலர் நோட்டிலேயே அச்சிட்டது. எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அந்த 9-ஆம் எண் யாருடையது என்று விசாரிக்கப் போனேன். போன இடத்தில் இரண்டு மனிதர்கள் கிடைத்தார்கள். ஒருவரை உலகம் அறியும். மற்றவர் பக்கம்தான் என் மனசு சாய்ந்தது.

மான்ட்ரியால், குவிபெக் மாகாணத்தின் பெரிய நகரம். அங்கே ஜனங்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுகிறவர்கள், கத்தோலிக்கர்கள். ஆனால் இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் மத்தியில் அங்கே பாங்கு, ரயில்வே, பெரிய கடை, தொழிற்சாலை மேலதிகாரிகளின் அறை ஆகிய எல்லாவற்றிலும் ஆங்கிலம்தான். தன் சொந்த ஊரில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்க ஒரு மனிதன் அந்நிய பாஷையில் பேசவேண்டியிருந்தது. 1961-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு சர்க்கார் கமிஷன் ஆராய்ந்தபோது, குவிபெக்கில் பிரெஞ்சுக்காரர்களின் வருமானம் ஆங்கிலேயர்களின் வருமானத்தைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்ததைக் கண்டது. சொந்த வீட்டில் குடக்கூலிக்கு இருப்பதுபோல ஒரு வாழ்வு.

அவர்களுடையது என்று தயக்கமில்லாமல் சொல்லிக்கொள்ள ஒன்றிருந்தது. அதுதான் 'கனேடியன்ஸ்' என்ற ஹாக்கிக் கோஷ்டி. 1909 டிசம்பரில் அதை ஆரம்பித்தவர் ஆம்ப்ரோஸ் ஒப்ரையன் என்ற ஒன்டாரியோக்காரர், பணக்கார வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுக்காரர்களுக்கென்று ஒரு கோஷ்டி இருந்தால் அவர்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்ற கணக்கு. வியாபாரத்துக்காக ஒருவர் வைத்த செடியை ஜனங்கள் தங்கள் வீட்டுத் துளசியாக எடுத்துக்கொண்டு விட்டார்கள். 1924-ல் கட்டிய 'ஃபோரம்' என்ற ஆட்டக் கூடம் இரண்டு வருஷத்துக்குப் பின் அவர்களுடைய கோயிலாயிற்று. 1937-ல் ஹோவி மோரென்ஸ் என்ற மகா ஆட்டக்காரர், ஆட்டத்தில் கால் முறிந்து ஆஸ்பத்திரியிலேயே காலமானபோது, மார்ச் 11-ஆம் தேதி அவருடைய இறுதிச் சடங்கை அந்த ஃபோரத்திலேயே நடத்தினார்கள். பல்லாயிரம் பேர் வந்து மௌனமாக நின்றார்கள். இந்த மோரென்ஸின் பெயரையும் தேதியையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மொரீஸ் ரிஷார் 1921-ல் மான்ட்ரியாலில் பிறந்தார். தகப்பனார் கனேடியன் பசிபிக் ரயில்வே தொழிற்சாலையில் வேலை செய்தவர். பிள்ளையும் இயந்திரத் தொழில்தான் கற்றார். எட்டுக் குழந்தைகளில் மூத்தவர். 1942-ல் கோஷ்டியில் சேர்ந்தார். சேர்ந்த பதினாறாவது ஆட்டத்தில் கால் முறிந்தது. அதற்கு முன்பே கணுக்காலும் மணிக்கட்டும் முறிந்தவர். இது தேறாத சரக்கு என்று பலர் நினைத்தார்கள். மறு வருஷம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது; எடை ஒன்பது பவுண்டு. ரிஷார் நிர்வாகியிடம் போய் 9 என்ற எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு தேசத்துப் பையன்கள் முதுகிலெல்லாம் ஏறிய எண்ணுக்கு ஆதிமூலம் இந்தக் குழந்தையின் எடைதான்!

1944 டிசம்பர் 28-ஆம் தேதி ரிஷார் குடி மாறினார். பகல் முழுவதும் மேஜை நாற்காலிகளைச் சுமந்துவிட்டு, "இன்று என்னால் அதிகம் முடியாது" என்ற மாதிரி சொல்லிக்கொண்டுதான் ஆடப் போனார். போனவர் டெட்ராயிட்டுக்கு எதிராக ஐந்து கோல் போட்டார், இன்னும் மூன்றுக்கு வழிசெய்தார். அந்தப் பருவத்தில் 50 ஆட்டத்தில் 50 கோல். அதுவரை எவரும் செய்யாதது. 'ராக்கெட்' என்று பெயர் வைத்தார்கள். 1952-ல் பாஸ்டனோடு ஒரு முக்கியமான ஆட்டத்தில் அடிபட்டு மூர்ச்சையாகி, தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, ஜெயிக்கும் கோலையும் போட்டார். அன்று ஆட்டம் முடிந்து எதிரிக் கோஷ்டியின் கோல்காப்பாளரோடு அவர் கைகுலுக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. முகத்தில் ரத்தம் வழிகிறது. எதிரில் நிற்கிறவர் ஏறக்குறையக் கும்பிடுவதுபோலத் தலையைத் தாழ்த்தியிருக்கிறார். நான் வெகு நேரம் பார்த்த படம் அது.

மனிதர் வாய் பேசாதவர். கூச்சம் அதிகம். ஆனால் கோபம் வந்தால் மட்டை பேசும். எதிரிகள் அவரை இழுத்துப் பிடித்தும் இடித்தும் வசைபாடியும் வெறியேற்றுவார்கள். அவரும் ஏறுவார். நடுவர்கள் தம்மைக் காப்பாற்றுவதில்லை என்பது அவர் மனத்தாங்கல். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் அவர் பெயரால் வந்த பத்தியில், பந்தய லீகின் தலைவர் சர்வாதிகாரி என்று 1954-ல் எழுதி வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஆயிரம் டாலர் ஜாமீனும் கட்டச் சொன்னார்கள். கட்டினார்; பத்தியும் நின்றது.

அந்தத் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல். ஆக்ஸ்போர்டில் படித்த வக்கீல். ஒரு காலத்தில் ஹாக்கி நடுவர். யுத்தம் முடிந்ததும் ஜெர்மன் யுத்தக் குற்றவாளிகள்மீது வழக்கு நடத்தியவர். கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சட்டப் புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்குகிற ஜாதி. அவர் ஆறு கோஷ்டி முதலாளிகளின் சம்பளக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று லீகில் இருந்ததே ஆறு கோஷ்டிகள்தாம். ஓர் ஆட்டக்காரன் ஒரு கோஷ்டியிடம் கையெழுத்துப் போட்டால், அவர்களாக விற்றாலொழிய வேறிடம் போக முடியாது. ரிஷார் கால் வைத்த ஊரிலெல்லாம் கூடம் நிரம்பியது. அவரை வசைபாட வந்தவர்களும் டிக்கெட் வாங்கித்தானே வந்தார்கள்?

1955 மார்ச் 13, பாஸ்டன். அங்கே ஹால் லேகோ என்பவர், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடுகிறவர், முன்னாளில் ரிஷாரின் கோஷ்டியிலேயே இருந்தவர், மட்டையால் ரிஷாரின் மண்டையைக் கிழித்துவிட்டார். ரிஷார் தலையைத் தொட்டுப் பார்த்தார், ரத்தம். மட்டையை வீசிக்கொண்டு லேகோவின் மேல் பாய்ந்தார். துணை நடுவர் ஒருவர் பின்னாலிருந்து பிடித்தார். ரிஷார் அவரையும் முகத்தில் இரண்டு முறை குத்திவிட்டார். மூன்று மாதத்துக்கு முன்பு டொரான்டோவில் இன்னொரு துணை நடுவரை அறைந்து அபராதம் கட்டியவர் வேறு.

மார்ச் 16-ஆம் தேதி காம்பெலின் அறையில் விசாரணை. தீர்ப்பு: பருவத்தில் மிச்சமிருந்த மூன்று ஆட்டங்களிலும், அதன்பின் நடக்கும் ஸ்டான்லி கோப்பைப் பந்தயம் முழுவதிலும் ரிஷார் ஆடக்கூடாது. நடுவரை அடித்தவனைச் சும்மா விட முடியாது என்பது என் கட்சியும்கூட. ஆனால் கோப்பைப் பந்தயம் முழுவதும்? அந்த வருஷம் கோல்களும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த புள்ளிக் கணக்கில் ரிஷார்தான் லீகிலேயே முதலாவதாக நின்றார். அத்தனை கோல் போட்ட மனிதருக்குப் புள்ளிக் கணக்கில் முதலிடம் என்ற பட்டம் அதுவரை ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. முப்பத்து மூன்று வயது ஆகிவிட்டது. எஞ்சியிருந்தது மூன்று ஆட்டம்.

மறுநாள் ஃபோரத்தில் டெட்ராயிட்டோடு ஆட்டம். இரு கோஷ்டிகளும் முதல் இடத்துக்குச் சரிசமமாக மோதிய நேரம். காம்பெல் வரவேண்டாம் என்று கொலை மிரட்டல்கள் பறந்தன. அவர் வந்தார். ஆட்டம் ஆரம்பித்த பிறகு, காரியதரிசிப் பெண்மணியோடு, கூட்டம் முழுவதும் பார்க்க நடந்து வந்து தம் வழக்கமான ஆசனத்தில் உட்கார்ந்தார். தைரியம் என்று சிலர் சொன்னார்கள். நகர மேயர் ழான் த்ராப்போ, இது வம்பை அழைத்தது என்றார். எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது. முட்டை, தக்காளி, இன்னும் கையில் அகப்பட்டவை எல்லாம் அவர்மேல் வந்து விழுந்தன. மனிதர் அசையவில்லை. ரிஷாரும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பகுதி முடிந்தபோது டெட்ராயிட் 4, மான்ட்ரியால் 1. ஒரு வாலிபன் கைகுலுக்க வருகிறவன் போல நெருங்கி, காம்பெலைத் தாக்கினான். பிறகு எங்கிருந்தோ ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டு. அதை எறிந்தது யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

கூடத்தைக் காலி செய்தார்கள். ஆட்டத்தை நிறுத்தி, வெற்றி டெட்ராயிட்டுக்கு என்று அறிவித்தார்கள். உள்ளேயிருந்து வெளியே வந்த ஜனமும், டிக்கெட் கிடைக்காமல் 'ரிஷார் வாழ்க! காம்பெல் ஒழிக!' என்று கத்திக்கொண்டிருந்த ஜனமும் சேர்ந்து செயின்ட் காதரின் தெருவில் அதிகாலை வரை கடைக் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டே போயிற்று. கொள்ளையும் நடந்தது. பலர் கைதானார்கள், தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

அன்றிரவு உடைந்த கண்ணாடியிலிருந்துதான் பிற்காலக் குவிபெக்கின் அரசியல் விழிப்பு பிறந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாலு நாள் கழித்து ஆந்த்ரே லோராந்தோ என்ற பத்திரிகாசிரியர், தம் ஜனங்கள் ரிஷாருக்காக மட்டும் கோபப்படவில்லை, தங்களுக்காகவும் கோபப்பட்டார்கள் என்ற கருத்துப்பட ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் ரிஷாரை இதுபற்றிக் கேட்டபோதெல்லாம் அவர், தாம் வெறும் ஹாக்கி ஆட்டக்காரர் என்றே சொல்லி வந்தார்.

மார்ச் 18-ஆம் தேதி மாலை ஃபோரத்திலிருந்தே ரிஷார் வானொலியிலும் டெலிவிஷனிலும் பேசினார். முதலில் பிரெஞ்சு, பிறகு ஆங்கிலம். தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், இனிக் கலகம் வேண்டாம், அடுத்த வருஷம் திரும்பி வந்து இளையவர்களோடு சேர்ந்து கோப்பையை ஜெயிக்க உதவுகிறேன் என்பது சாரம். அந்த ஒலிப்பதிவைக் கேட்டிருக்கிறேன். பிரெஞ்சு எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற பையன் குரல் அது. ஊர் அடங்கியது.

அடங்கிய ஊர் அடுத்த நாள் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

பெர்னி ஜெஃப்ரியன் என்று கனேடியன்ஸில் இன்னொரு ஆட்டக்காரர். இருபத்து நாலு வயது. மான்ட்ரியாலில் பிறந்த பிரெஞ்சுப் பிள்ளை. அவர் அடித்த வில்லை பலகையில் மோதும் சத்தத்தினால் 'பூம் பூம்' என்று செல்லப் பெயர். மனைவி மார்லீன், அந்த ஹோவி மோரென்ஸின் மகள். ஊருக்கே மாப்பிள்ளை மாதிரி என்று சொல்லலாம். புள்ளிக் கணக்கில் அவர் ரிஷாருக்கு இரண்டே புள்ளி பின்னால் இருந்தார்.

மார்ச் 19, சனிக்கிழமை. ஃபோரத்தில் நியூயார்க்கோடு ஆட்டம். ஜெஃப்ரியன் என்ன செய்யவேண்டும்? கோல் போட்டால் ரிஷாரின் பட்டம் பறிபோகும். போடாவிட்டால், ஏற்கெனவே ஓர் ஆட்டத்தைக் கலகத்தில் தொலைத்த கோஷ்டி இன்னும் பின்தங்கும். வேண்டுமென்றே கோல் போடாமல் விட்டுவிடலாமா என்ற யோசனைகூட அவருக்கு இருந்ததென்றும், தோழர்கள்தான் நீ ஆடித்தான் ஆகவேண்டும் என்று சொன்னார்களென்றும் சொல்கிறார்கள். அவர் ஆடினார். ஒரு கோல், இரண்டு கோலுக்கு உதவி. மான்ட்ரியால் 4, நியூயார்க் 2. கோஷ்டி ஜெயித்தது. ஜெஃப்ரியனுக்கு 75 புள்ளி, ரிஷாருக்கு 74.

சொந்தக் கூடத்தில், சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கோல் போட்டு ஜெயித்துக் கொடுத்தவனை அந்த ஜனங்கள் ஊளையிட்டு ஏசினார்கள்.

கதை எழுதுகிறவன் இதைக் கற்பனையாக எழுதினால் 'ஜோடனை' என்பார்கள். அந்த மூன்று ஆட்டத்தையும் பிடுங்கியது காம்பெலின் பேனா, ஜெஃப்ரியன் அல்ல. அவரும் அதே பாஷைக்காரர். அதே தெருக்களில் வளர்ந்தவர். கூட்டத்தின் கட்சிப்படியே பார்த்தாலும் அடி வாங்கிய ஜாதியைச் சேர்ந்தவர். ஆனால் காம்பெல்மேல் எறிய முட்டை தீர்ந்துவிட்டது. கைக்கு எட்டியது ஜெஃப்ரியன். மிரட்டல்கள்கூட வந்தன. ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று நினைத்ததாக அவர் பிற்காலத்தில் சொன்னார். ரிஷார் அவர்மேல் குற்றம் சொன்னாரா என்று தேடிப் பார்த்தேன். எனக்கு அப்படி ஒன்றும் அகப்படவில்லை. அபிமானிகளுக்குத்தான் ஆறவில்லை.

கலகத்துக்கு அவர்கள் கொடுத்த விலையும் சின்னதில்லை. டெட்ராயிட் 95 புள்ளியோடு முதலிடம், மான்ட்ரியாலுக்கு 93. கலகத்தன்று தானம் செய்த ஆட்டத்தின் புள்ளி இரண்டு என்பதைக் கவனிக்கவேண்டும். முதலிடம் பெற்றவருக்குக் கடைசி ஆட்டம் சொந்த ஊரில். அந்த வருஷத்துக் கோப்பைப் பந்தயத்தின் இறுதிச் சுற்றில் ஏழு ஆட்டத்திலும் சொந்த ஊரில் ஆடியவரே ஜெயித்தார். ஏழாவது ஆட்டம் டெட்ராயிட்டில் நடந்தது.

ரிஷார் வாக்குத் தவறவில்லை. மறு வருஷம் திரும்பி வந்தார். பழைய தோழர் டோ பிளேக் பயிற்சியாளரானார். 1956 முதல் 1960 வரை வரிசையாக ஐந்து கோப்பை. 1960-ல் 544 கோல்களோடு ஓய்வு பெற்றார். புள்ளிப் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

இந்த மத்தியில் இன்னொரு சங்கதி. 1957-ல் டெட்ராயிட்டின் டெட் லின்ட்சேயும், மான்ட்ரியாலின் டக் ஹார்வேயும் முன்னின்று ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் காணப் பார்த்தார்கள். பென்ஷன் பணத்தின் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டதுதான் பெரிய குற்றம். முதலாளிகள் சங்கத்தை முறித்தார்கள். லின்ட்சேயை அந்த வருஷமே சிகாகோவுக்குத் தள்ளினார்கள். ஹார்வே 1961-ல் நியூயார்க்குக்குப் போகவேண்டி வந்தது. அதற்காகத் தெருவில் யாரும் கண்ணாடி உடைத்ததாகத் தெரியவில்லை.

ரிஷாருக்கே ஓய்வுக்குப் பின் கோஷ்டியில் பெயரளவுக்கு உத்தியோகம் கொடுத்தார்கள். 1964-ல் உப தலைவர் பட்டம்கூடக் கட்டினார்கள். விருந்துக்குப் போய்க் கைகுலுக்குவதுதான் வேலை. யோசனை கேட்பார் இல்லை. சீக்கிரமே வேண்டாம் என்று வந்துவிட்டார். வீட்டின் அடித்தளத்தில் தூண்டில் நூல் சுற்றி விற்றார். மதுக்கடை நடத்தினார். தலைமயிர்ச் சாய விளம்பரத்தில் நடித்தார். கோஷ்டியோடு சமாதானமாகிப் பழையபடி மரியாதை ஸ்தானத்துக்கு வர 1981 ஆயிற்று. தூண்டில் நூலை உருண்டையாகச் சுற்றும் அந்தக் கைகளை என்னால் மறக்க முடியவில்லை.

1996 மார்ச் 11-ஆம் தேதி ஃபோரத்தில் கடைசி ஆட்டம். பழைய வீரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ரிஷார் பெயர் சொன்னதும் எழுந்த கரகோஷம் ஏழு நிமிஷத்துக்கு மேலும் நிற்கவில்லை. போதும் போதும் என்று கையைக் காட்டினார். கேட்கிற கூட்டமா அது? கண் துடைத்துக்கொண்டார். 2000 மே மாதம் அவர் காலமானபோது, லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று முகம் பார்த்தார்கள். மாகாண சர்க்கார் ராஜாங்க மரியாதையோடு அடக்கம் செய்தது. ஒரு விளையாட்டுக்காரருக்கு அங்கே அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

ஜெஃப்ரியனுக்கு என்ன கிடைத்தது? 1961 மார்ச் 16-ஆம் தேதி, காம்பெல் தீர்ப்புச் சொன்ன அதே தேதி, ஆறு வருஷம் கழித்து, அதே ஃபோரத்தில் அவர் அந்தப் பருவத்தின் ஐம்பதாவது கோலைப் போட்டார். ரிஷாருக்குப் பிறகு அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் மனிதர். அன்று கைதட்டினார்கள். பிறகு நியூயார்க்கிலும் அட்லான்டாவிலும் பயிற்சியாளராக இருந்து, அட்லான்டாவிலேயே குடியிருந்துவிட்டார்.

பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் எண்ணை இனி வேறெவருக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்து, அதைக் கொடியில் தைத்துக் கூடத்தின் உச்சியில் ஏற்றுவது அவர்களுடைய சம்பிரதாயம். மோரென்ஸின் 7-ஆம் எண் 1937-லேயே ஏறிவிட்டது. ரிஷாரின் 9 ஓய்வு பெற்ற வருஷமே ஏறியது. ஜெஃப்ரியனின் 5-ஆம் எண்ணை ஏற்றக் கோஷ்டிக்கு 2006 வரை போது கிடைக்கவில்லை. மார்ச் 11 என்று தேதி வைத்தார்கள். மாமனாரின் இறுதிச் சடங்கு ஃபோரத்தில் நடந்த அதே தேதி. அதற்குள் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது. மார்ச் 11-ஆம் தேதி காலையில் அட்லான்டாவில் அவர் உயிர் பிரிந்தது.

மாலையில் விழாவை நிறுத்தவில்லை. குடும்பத்தார் பனித்தளத்தின்மேல் விரித்த கம்பளத்தில் வந்து நின்றார்கள். இருபதாயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். உச்சியிலிருந்து மோரென்ஸின் கொடியைப் பாதி தூரம் கீழே இறக்கினார்கள். மருமகனின் கொடி மேலே ஏறி அதை எட்டியதும் நிறுத்தி, பிறகு இரண்டையும் ஒன்றாகவே மேலே ஏற்றினார்கள்.